மூக்கண்ணன் உட்கார்ந்திருந்தால் பயமில்லை

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. பட்டறையில் அவர் மூக்கண்ணன். மூக்கு ஒன்றும் பெரிது கிடையாது. கண்ணாடி போட்டால் வழுக்கி இறங்கும் சாதாரண மூக்குதான். பெயர் வந்த கதை வேறு.

அந்தப் பட்டறையில் பிளாஸ்டிக் பல்சக்கரம் வார்ப்பார்கள். அசிடால் என்ற சரக்கு, குருணை அரிசி மாதிரி வெள்ளையாக மூட்டை மூட்டையாக வரும். மெஷின் தலையிலுள்ள தொட்டியில் கொட்டினால், சூடான உருளைக்குள் உருகி, முனை வழியாக அச்சுக்குள் பாய்ந்து, சக்கரமாக விழும். நல்ல சரக்கு. ஆனால் அதற்கு இரண்டு ஆகாது. உருகிய பிறகு உருளைக்குள் காக்க வைத்தால் ஆகாது. பிவிசி என்ற இன்னொரு பிளாஸ்டிக் ஒரு பிடி கலந்தாலும் ஆகாது. இரண்டும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், கண்ணைக் கரிக்கும் விஷவாயுவாகச் சிதையும். வாயு வெளியேற வழியில்லாவிட்டால், உருகிய பிளாஸ்டிக்கையும் இழுத்துக்கொண்டு முனை வழியாகப் பீச்சியடிக்கும். அது தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும்; உரித்தால் தோலும் கூடவே வரும். இதையெல்லாம் விவரமாக அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அந்தத் தாளின் மேல் ஆணியடித்து எல்லாரும் குடை மாட்டினார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள், அவர் வெளியே குழாயடியில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்து அறிவியல் அறையில் தவளை ஊறும் பாட்டிலைத் திறந்தால் வருமே, அந்த நெடி இலேசாக வந்தது. பக்கத்தில் நின்ற யாருக்கும் தெரியவில்லை. டப்பாவைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஹீட்டரை அணைத்து, முனையைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே இருந்ததை வாளித் தண்ணீரில் கக்கவைத்தார். பட்டறை தப்பியது. முதலாளிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்த நிறைவில், வாங்குவதாக இருந்த வாயு அலாரத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

“இவரு மூக்கு இருக்கும்போது அலாரம் எதுக்குய்யா?”

அன்றிலிருந்து மூன்றாம் மெஷின் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி. மற்றவர்களெல்லாம் நின்றுகொண்டோ முக்காலியில் குந்திக்கொண்டோதான் வேலை பார்க்க வேண்டும். புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லித்தரும் மொத்தப் பாதுகாப்புப் பாடமும் இவ்வளவுதான்: “மூக்கண்ணன் உக்காந்திருந்தா பயமில்லை. எந்திரிச்சா ஓடிடு.”

இந்தச் செல்வாக்கில்தான் மச்சினிக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தார். மனைவியின் ஒரே தங்கை. சக்கரங்களை எண்ணிப் பெட்டியில் அடுக்கும் வேலை.

அப்புறம் ஒரு காய்ச்சல் வந்தது. எல்லாருக்கும் வருகிற காய்ச்சல்தான். போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அது தெரிந்தது அடுப்பங்கரையில். அடுப்பில் பால் தீய்ந்து பாத்திரம் கருகிக்கொண்டிருக்க, இவர் பக்கத்திலேயே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். மனைவி மாடியிலிருந்து ஓடிவந்தாள்.

“தீயுற நாத்தம் மாடி வரைக்கும் வருது, மூக்கைப் பொத்திக்கிட்டா உக்காந்திருக்கீங்க?”

“ஏதோ யோசனையில இருந்துட்டேன்” என்றார். பிறகு கழிவறைக்குப் போய் பினாயிலைத் திறந்து முகர்ந்து பார்த்தார். தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது.

வெளியே சொல்லியிருக்கலாம். சொன்னால் நாற்காலி போகும், மரியாதை போகும், ‘மூக்கு’ போய் வெறும் ‘அண்ணன்’ மிஞ்சும், வேலையே மிஞ்சுமா என்பது சந்தேகம். நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தார். எல்லா நாளுக்கும் ஒரு நாளை இருந்தது.

அதற்கிடையில் ஒரு வழி கிடைத்தது. எதிர் மேசையில் உட்கார்ந்திருக்கும் மச்சினிக்கு நல்ல கூர்மையான மூக்கு. மெஷினில் சூடு கொஞ்சம் ஏறி நெடி கிளம்பினாலும் அவள் மூக்கு ஓரமாகச் சுருங்கும். அவளுக்கே அது தெரியாது. மூக்கு சுருங்கியதும் இவர் எழுந்து போய்ச் சூட்டைக் குறைப்பார். “அண்ணனுக்கு எப்படித்தான் தெரியுதோ!” என்று மற்றவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஆக, காலை முதல் சாயங்காலம் வரை மச்சினி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு வேலையாகிப் போனது.

ஒரு பெண்பிள்ளை முகத்தை நாள் முழுக்க அப்படிப் பார்த்தால் அவள் என்ன நினைப்பாள்? அதையேதான் நினைத்தாள். நினைத்ததை அக்காவிடம் போய்ச் சொன்னாள்.

“என் தங்கச்சி மூஞ்சியில என்னங்க எழுதி ஒட்டியிருக்கு?” என்று மனைவி தட்டை வைத்தபடியே கேட்டாள்.

“வேலை ஒழுங்கா பாக்குறாளான்னு பாத்தேன்.”

“வேலை கையில நடக்குது. நீங்க மூஞ்சியைப் பாத்திருக்கீங்க. இதுக்குத்தான் அவளுக்கு வேலை வாங்கிக் குடுத்தீங்களா?”

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. இன்றைக்கு வீட்டில் சொன்னால் நாளைக்குப் பட்டறைக்குத் தெரியும். விழுங்கிவிட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். அதன் பிறகு மனைவி சுவரைப் பார்த்துத்தான் பேசினாள். “சோறு இருக்கு” என்று சுவரிடம் சொல்வாள். சுவர் சாப்பிடாததால் இவர் சாப்பிடுவார்.

மறுநாள் மச்சினி மேசையை இழுத்துத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். முதுகு இவர் பக்கம், முகம் சுவர்ப் பக்கம். அதோடு ஒரு துணியால் வாயையும் மூக்கையும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மேசை போய் நின்ற இடம், மூன்றாம் மெஷின் முனைக்கு நேர் எதிரே. முனைக்கு நேரே யாரும் இருக்கக் கூடாது என்பது குடைக்கடியில் இருந்த தாளின் முதல் வரி.

“அந்த எடம் சரியில்லம்மா...” என்று ஆரம்பித்தார்.

“எனக்கு இந்த எடமே போதும் மாமா” என்றாள், திரும்பாமலே. பட்டறையே இவரைப் பார்த்தது. மேற்கொண்டு வாயைத் திறந்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று விட்டுவிட்டார்.

அப்புறம் அது நடந்தது. கழிவை அரைக்கும் மெஷினில் காலையில் யாரோ பிவிசி குழாய்த் துண்டுகளை அரைத்துவிட்டுச் சுத்தம் செய்யாமல் போயிருந்தார்கள். ‘யாரோ’ என்பது நாகரிகத்துக்காகச் சொல்வது. யார் என்று எல்லாருக்கும் தெரியும். அதே மெஷினில் அசிடால் கழிவை அரைத்து மூன்றாம் மெஷினில் கொட்டினார்கள். மத்தியானம் பார்த்து அச்சில் சக்கரம் சிக்கியது. ஃபிட்டர் வந்து குனிந்து பார்த்தார்.

“எவ்வளவு நேரம் ஆகும்?” என்று மூக்கண்ணன் கேட்டார்.

“இதோ முடிஞ்சுதுண்ணே” என்று சொல்லிவிட்டு ஸ்பானர் எடுக்கப் போனவர் போனவர்தான். உருளைக்குள் சரக்கு வெந்துகொண்டிருந்தது.

மூக்கண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, சுவரிடம் பேசும் மனைவியை நினைத்தார். திரும்பிக்கொண்ட முதுகைப் பார்த்தார். கண்ணில் நீர் கோத்தது. அழுகை வரும்போது உறுத்துமே, அப்படி மூக்கின் உள்ளே உறுத்தியது. ‘என் பொழப்பு இப்படி ஆயிடுச்சே’ என்று மனம் கசிந்து, துடைக்காமல் விட்டார். வழியட்டும் என்று இருந்தது.

நிமிர்ந்து பார்த்தால், இரண்டாம் மெஷின்காரரும் அழுதுகொண்டிருந்தார். அவருக்கு அப்பால் பெருக்கும் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒருவர்கூட நகரவில்லை. கண்ணைக் கசக்கிக் கசக்கி எல்லாரும் இவரைத்தான் பார்த்தார்கள். இவர்தான் உட்கார்ந்திருக்கிறாரே! மச்சினி முகத்துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினாள். திரும்பிய முகம் சிவந்திருந்தது.

“மாமா... உங்களுக்கு நாத்தமே வரலையா?”

அப்போதுதான் புரிந்தது, தனக்காக அழ அங்கே யாருக்கும் அவசியமில்லை என்று.

எழுந்தார். “வெளிய ஓடுங்க! எல்லாரும் வெளிய!” என்று கத்திக்கொண்டே ஹீட்டரை அணைத்தார். மச்சினியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். வாசலைத் தாண்டவும் உள்ளே டமார் என்று வெடித்தது. பிறகு போய்ப் பார்த்தபோது, அவளுடைய மேசை மேல் உருகிய பிளாஸ்டிக் தோசைமாவு மாதிரி வழிந்து இறுகியிருந்தது. முக்காலி கீழே விழுந்து கிடந்தது.

வாசலில் முதலாளி ஓடிவந்து இவரைக் கட்டிக்கொண்டார். “நான் சொல்லல? இந்த மூக்கு ஒண்ணு போதும்யா எனக்கு!”

அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் குழாயடியில் மச்சினி சுருண்டு உட்கார்ந்து, மூச்சு இழுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு மூக்கு இல்ல முதலாளி” என்றார். “காய்ச்சல் வந்ததுல இருந்தே எந்த வாசனையும் தெரியாது. அவ மூக்கு சுருங்குறதைப் பாத்துத்தான் நாள் ஓட்டினேன்.”

முதலாளியின் கைகள் தாமாகவே இறங்கின. மச்சினி தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள்.

சாயங்காலம் வீடு திரும்பும்போது, வேலை போய்விடும் என்பது மூக்கண்ணனுக்குத் தெரியும். ஆனாலும் மனதின் ஒரு மூலை இலேசாகத்தான் இருந்தது. ஒரு பழியாவது தீர்ந்ததே. இனி மனைவி சுவரிடம் பேச வேண்டியதில்லை.

பேசவில்லைதான். அவரை நேராகப் பார்த்தாள்.

“ஆஸ்பத்திரியிலேருந்து அவளை இங்கதான் கூட்டிட்டு வந்திருக்கேன். எல்லாம் சொன்னா.”

“பாத்தியா, நான் தப்பா ஒண்ணும்...”

“தப்பா பாத்திருந்தா நாலு திட்டு திட்டி, அழுது, என்னைக்காவது மறந்திருப்பேன்” என்றாள். குரல் உயரவே இல்லை. “அவ மூச்சுல வெஷம் போகுதா போகுதான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருந்திருக்கீங்க. அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா அவ போயி அந்த எடத்துல உக்காருவாளா?”

உள்ளறையில் இருமல் சத்தம் கேட்டது. நிற்கவே இல்லை. ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனார்.

“வேணாம் மாமா” என்றாள் மச்சினி. குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. “அக்கா குடுப்பா.”

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மனைவியைக் கூப்பிடப் போனார்.