பொள்ளை எழுத்து

டர்பன்டைன் வாசனை மூக்கில் ஏறினால், எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்த ஆறு வெள்ளைப் பனியன்களும், அவற்றின் நெஞ்சில் நீலப் பெயிண்ட் கோட்டால் நான் எழுதிய வாலிபால் குழுப் பெயரும் இன்றும் கண்முன் வந்துவிடும். மலையாள ராஜ்யத்திலிருந்த தமிழ் ஊர்களுக்காக எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. பாறசாலைப் பக்கத்தில் எங்கள் ஊர், எனக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்துப் பந்துப் பெட்டியின் மூடியில் ஆங்கில எழுத்துகள் ஓடுகிறவனைப் போல முன்னால் சாய்ந்து, ஓரக்கோடு மட்டுமாய், உள்ளே வெறுமையாக நிற்கும். அந்தச் சாய்வைத் தமிழுக்குக் கொண்டுவந்தவள் நான்தான் என்று தலைகால் புரியாத கர்வம் எனக்கு. ‘ழ’வின் வாலைச் சாய்க்க மட்டும் மூன்று நாள் பாடுபட்டேன். உள்ளே காலியாக இருப்பதால் குழுவினர் அதற்குப் ‘பொள்ளை எழுத்து’ என்று பெயர் வைத்து, பெயிண்ட் மிச்சம் என்று கேலியும் செய்வார்கள்.

குழுவின் கேப்டன் செல்லையன் அண்ணன் எங்கள் பக்கத்து வீடு. எங்கள் ஊரைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி ஒரு சுவரொட்டி எழுதித்தரக் கேட்டபோது, “சாதாரணமா எழுதினா போதும் மக்கா” என்றுதான் சொன்னார். நான் கேட்டால்தானே? அதை ஒட்டப்போகிற உதியன்குளங்கரை ஊர் முழுக்க என் எழுத்தைப் பார்க்கட்டும் என்று ஒவ்வோர் எழுத்தையும் சாய்த்துப் பொள்ளையாகவே எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஆட்டத்தின் நடுவே போலீஸ் வந்தது. கிழித்தெடுத்த சுவரொட்டியை ஏட்டு ஒரு பனியனின் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். இரண்டும் ஒரே கை என்று தெரிய அவருக்குப் படிப்பு வேண்டியிருக்கவில்லை. எழுதியது யார் என்று கேட்டபடியே, ஆட்டம் பார்க்க வந்து நின்ற என் பக்கம் திரும்பினார். அப்பாவுக்கு நெய்யாற்றின்கரை கோர்ட்டில் குமாஸ்தா வேலை, என் பெயர் வந்தால் அது போய்விடும் என்று பயந்தேன் என வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் பயந்தது லத்திக்கு. தமிழ் மண்ணோடு சேர்க்கச் சொல்லி எழுதியவள், “எனிக்கறிஞ்ஞூடா”, எனக்குத் தெரியாது என்று மலையாளத்தில் சொன்னேன்.

அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். “நானாக்கும் எழுதினது” என்றார்.

நான்கு நாள் கழித்து ஸ்டேஷனிலிருந்து வந்தபோது அவர் வலக்கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. பிறகு அவர் பந்தைத் தொடவே இல்லை. “ஆருகிட்டயும் சொல்லாத மக்கா, அப்பாக்கு வேலை உண்டுல்லா” என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை, தப்பித்தோம் என்ற நிம்மதிதான் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

எங்கள் ஊர் கேரளத்தோடே நின்றுவிட்டது. விளையாடிய இடத்தில் இன்று கல்யாண மண்டபம். அந்த மாதிரி எழுத்தைப் பிள்ளைகள் போனில் ஒரு தட்டில் வரவழைக்கிறார்கள். சென்ற வருடம் அண்ணன் இறந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மகன் வந்தவர்களிடம், அப்பா எழுதின எழுத்துக்காகத்தான் போலீஸ் விரலை ஒடித்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் திரும்பி, “அத்தைக்கு அப்பா எழுத்து ஓர்மை உண்டா?” என்று என் நினைவைச் சோதிப்பதுபோலக் கேட்டான்.

“உண்டு மக்கா” என்றேன். “நல்லா எழுதுவாரு.”