மிஷின் சத்தம்

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இந்தத் தையல்காரியின் மகளுக்கோ, அழுதால் மிஷின் சத்தம்தான் கிடைத்தது.

கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். புருஷன் லாரியோடு போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. இங்கே பள்ளிச் சீருடை ஆர்டர் கழுத்தை நெரிக்கும். ஒற்றை அறையில் தையல் மிஷினுக்குப் பக்கத்திலேயே தொட்டில். ஒருநாள் குழந்தை வீறிட்டபோது இவள் மிதியை அழுத்த, மோட்டார் உறுமியது. குழந்தை திகைத்து அடங்கிவிட்டது. அவ்வளவுதான், அதுவே வைத்தியமாகிப் போனது. துணியே இல்லாவிட்டாலும் வெறும் மிஷினை ஓட்டினாள். பசித்தால் பால் கொடுத்தாள், ஈரமானால் மாற்றினாள், குறை சொல்ல முடியாது. என்னைத் தூக்கு என்று அழுத அழுகைக்கு மட்டும் மிஷின்தான்.

"தூக்கிப் பழக்கினா இடுப்பை விட்டு இறங்காதுக்கா" என்பாள் பக்கத்து வீட்டுக்காரியிடம்.

நடக்கப் பழகும் முன்பே குழந்தை அழுவதை விட்டுவிட்டது. "என்ன தவம் பண்ணிப் பெத்தியோ! என் வீட்லயும் ஒண்ணு இருக்கே, தொண்டையா அது?" என்று அந்த அக்கா மூக்கில் விரல் வைத்தாள். தையல்காரிக்குத் தலைகால் புரியவில்லை. அடி பைத்தியக்காரி! கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போன பிள்ளையைப் பார்த்தா பூரித்தாய்?

மகள் பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்தாள். வீட்டில் இருக்கும் இடம் தெரியாது. விழுந்தால் தானே எழுந்து மண்ணைத் தட்டிக்கொள்வாள்.

ஒரு மத்தியானம் தையல்காரி வீட்டுக்குப் பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். உள்ளே மிஷின் ஓடியது.

"ஏய், ஊசி கையில ஏறிடும்டி!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

மிஷினில் துணி இல்லை. மகள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து மிதியை ஒரு காலால் அழுத்திப் பிடித்தபடி, அந்த இரைச்சலுக்குள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். இன்னொரு முழங்காலில் தோல் உரிந்து ரத்தம் வழிந்தது.

தையல்காரி கையிலிருந்த ஈரத்துணியைக் கீழே போட்டாள். பிள்ளையை வாரி எடுத்து இறுக்கினாள். பிள்ளையோ மரக்கட்டை மாதிரி விறைத்தது. சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"அழுடி கண்ணு. அம்மாகிட்ட அழுடி."

"ஒண்ணுமில்லம்மா. நீ போய் வேலையப் பாரு."

தையல்காரி தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மகள் சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். பாவம், அம்மாவை எப்படித் தேற்றுவது என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நொண்டிக்கொண்டே போனாள். நாற்காலியில் ஏறி, அம்மாவுக்காக மிஷினை ஓட்டினாள்.