சூரியன் போட்ட உறை

மாத்திரை உறையில் அந்தச் சூரியனை வரைந்தது நான்தான். ஒரு வட்டம், சுற்றிவர எட்டுக் கோடுகள். பிள்ளைக்காம்பராவில் சின்னப் பிள்ளைகளுக்குத் தினமும் வரைந்து காட்டுகிற அதே சூரியன். அதற்குப் போய்ப் படித்த மனிதர்கள் கை தட்டினார்கள் என்றால் நம்புவீர்களா? தட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

எங்கள் தோட்டம் தெரணியகலைக்கு மேலே. உச்சியில் தேயிலை, எங்கள் பக்கம் முழுக்க இறப்பர். தொண்ணூறுகளின் பிற்பாதியில் நான் அங்கே பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போகும் தாய்மார் காலையில் விட்டுப்போகிற குழந்தைகளுக்குப் பாலூட்டி, கழுவித் துடைத்து, தூங்கவைக்கிற வேலை. சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனால் வெளியிலிருந்து யார் வந்தாலும், பேசுவதற்குத் தோட்டத்து மேனேஜர் துரை என்னைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்.

அந்தக் காலத்தில் வயதாகித் தோட்டத்து வேலைப் பதிவில் பேர் வெட்டப்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்க ஆளே இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனால், உனக்குத்தான் பேர் வெட்டியாச்சே, கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் போ என்பார்கள். அங்கே போனால், நீ தோட்டத்து ஆள், தோட்டத்திலேயே கேள் என்பார்கள். இப்படிப் பந்தாடப்பட்டே செத்தவர்களை எனக்குத் தெரியும். என் அம்மா அவர்களில் ஒருத்தி. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆகவே ஒருநாள் அந்த இரண்டு தரப்பும், கூடவே கொழும்பிலிருந்து வந்த ஒரு தொண்டு நிறுவனமும் எங்கள் பிள்ளைக்காம்பராவில் ஒன்றாக உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அரசாங்கம் டொக்டரை அனுப்பும். தோட்டம் இடமும் டிஸ்பென்சரிக்காரரையும் தரும். நிறுவனம் மாத்திரையும் அட்டையும் தரும். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை வயதானவர்களுக்கு மட்டும் கிளினிக். சுவரில் மூன்று மொழியில் பேனர் கட்டினார்கள். தமிழில் ‘ஆரோக்கியமான மதுமை’ என்று எழுதியிருந்தது. ஒரு எழுத்துத்தானே என்று நானும் விட்டுவிட்டேன். குழந்தைகளின் குட்டி நாற்காலிகளில், முழங்கால் நெஞ்சைத் தொட, எங்கள் கிழவன் கிழவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

டொக்டர் அம்மா சிங்களப் பெண், நல்ல மனம். உறையில் இங்கிலீஷில் எழுதிக் கொடுப்பதை வாசிக்க லயத்து வீடுகளில் ஆள் இல்லை, என்ன செய்யலாம் என்று கூட்டத்தில் கேட்டார். படம் போடலாம் என்றேன். காலை மாத்திரைக்குச் சூரியன், இரவு மாத்திரைக்கு நிலா. அங்கேயே வரைந்து காட்டினேன். அடுத்த மாதமே அதை ரப்பர் முத்திரையாகச் செய்து கொண்டுவந்துவிட்டார்கள்.

பிரஷரை என்ன சொல்லி விளக்குவது என்று அடுத்த கேள்வி. பிரஷர் என்றே சொல்லலாம் என்றார் டிஸ்பென்சரிக்காரர். நான் முந்திக்கொண்டேன். எங்கள் ஆட்களுக்கு ரத்தக் கொதிப்பு என்றால்தான் விளங்கும் என்றேன். அதைச் சிங்களத்தில் சொன்னதும் டொக்டர் அம்மா சிரித்து, நல்ல சொல், அதையே வைப்போம் என்றார். படமும் என்னுடையது, சொல்லும் என்னுடையது. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் அப்பாவுக்கும் ரத்தக் கொதிப்பு இருந்தது. நாற்பது வருஷம் இறப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அம்மா போன பிறகு என்னோடுதான் ஒரே காம்பராவில் இருந்தார். பேர் வெட்டிப் பல வருஷமாகியும் விடியுமுன் எழுந்து, கதவைத் திறந்து, கையை வெளியே நீட்டி வானத்தைப் பார்ப்பார். மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. மழை என்றால் ‘இன்னைக்கு வெட்டு இல்ல’ என்று சொல்லிவிட்டு மறுபடியும் போய்ப் படுப்பார். அவருக்கு நாள் என்றால் வெயில் நாள்தான்.

கிளினிக் அட்டையைப் பத்திரமாக ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். மாத்திரை உறைகளும் அதற்குள்தான். நான் காலையில் குழந்தைகளுக்காக ஓடிவிடுவேன். மாலையில் வந்து, அப்பா மாத்திரை போட்டீங்களா என்று கேட்பேன். போடவேண்டிய நாளுக்கெல்லாம் போட்டாச்சு என்பார். போட்டாச்சு என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

அந்த வருஷம் மழை பிடித்தது, விடவே இல்லை. மண் சரிந்து பாதை மூடியதால் கிளினிக் ஒரு மாதம் நடக்கவில்லை. பக்கத்துக் காம்பராக்களில் இழுப்புக்கும் மூட்டுவலிக்கும் மாத்திரை முடிந்துபோய்த் தவித்தார்கள். அப்பாவிடம் மட்டும் கையிருப்பு இருந்தது. எங்கப்பா எவ்வளவு சிக்கனம் பாருங்கள் என்று நான் பெருமையடித்தேன். நினைத்தால் என்னையே அறைந்துகொள்ள வேண்டும்போல இருக்கிறது.

ஒருநாள் காலை அவர் கதவடியில் விழுந்து கிடந்தார். வலப்பக்கம் முழுக்கச் செத்துப்போயிருந்தது. கத்தி பிடித்த கை. நாலு பேர் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கி, த்ரீவீலர் பிடித்து டவுனுக்குக் கொண்டுபோனோம். மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா என்று ஆஸ்பத்திரி டொக்டர் கேட்டார். ஒரு நாள் தவறாமல் போட்டார் என்று சிங்களத்தில் அடித்துச் சொன்னேன். கேட்டதே எனக்குக் கோபமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து டின்னைத் திறந்தேன். நிலா உறைகள் காலி. சூரியன் உறைகள் கொழுத்துப்போய், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

பேச்சுக் கொஞ்சம் திரும்பிய பிறகு, படுக்கையில் வைத்துத்தான் கேட்டேன். காலை மாத்திரையை ஏன்ப்பா போடல்ல? அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. கோணிய வாயால் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“மழைல ரத்தம் எங்க புள்ள கொதிக்கும்? நீதானே சூரியன் போட்ட.”

குற்றம் சொல்லவில்லை. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து ஞாபகப்படுத்தினார்.

அடுத்த கிளினிக்கில், மழை நாளில் யார் யார் சூரிய மாத்திரை போடுறீங்க, கையைத் தூக்குங்க என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மழைக்கு எதுக்கு தாயி என்றாள் ஒரு கிழவி. பக்கத்து ஆள் சைகையில் கேட்டதும் ஒரே ஒரு கை உயர்ந்தது. அவர் காது கேளாதவர், கொதிப்பு என்ற என் சொல் அவருக்கு விழுந்ததே இல்லை.

டொக்டர் அம்மாவிடம் சொன்னேன். முத்திரையை நிறுத்தி, வேறு வழி பார்க்கலாம் என்றார். பார்ப்பதற்குள் அவருக்கு இடமாற்றம் வந்துவிட்டது. நிறுவனத்தார், இந்த உறை நல்ல மாதிரி என்று மற்றத் தோட்டங்களுக்கும் போய்விட்டதே என்றார்கள். கேகாலையில் ஒரு கண்காட்சி வைத்து, என் சூரியனைப் பெரிதாக்கி மாட்டி, என்னைப் பேசச் சொன்னார்கள். ஒருவருக்கும் விளங்காமல் போகக்கூடாதென்று சிங்களத்திலேயே அப்பாவின் கதையைச் சொன்னேன். முடித்ததும் தேநீருக்கு அழைத்தார்கள்.

பிறகு நிறுவனத்தின் காலம் முடிந்தது. அவர்கள் போனதும் அரசாங்கமும் தோட்டமும் பழையபடி ஆளையாள் கைகாட்டத் தொடங்கினார்கள். பேனரை மழைச்சாரலுக்குத் திரையாகப் பிள்ளைக்காம்பரா ஜன்னலில் கட்டினேன். முத்திரை மட்டும் டிஸ்பென்சரியில் இருந்தது. இப்போதும் யாருக்காவது குத்திக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அப்பா அடுத்த மழைக்காலம் வரை இருந்தார். மாத்திரையை அதற்குப் பிறகு நானே வாயில் போடுவேன். வெயில் நாளில் தொல்லை இல்லை. மழை நாளில் வாயை இறுக மூடிக்கொள்வார். இது பிரஷர், வெயிலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். நான் முதலில் சொன்ன சொல்தான் அவருக்குள் நின்றது. இன்னைக்கு வெட்டு இல்ல என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கடைசியில் கதவைச் சாத்திவிட்டுப் பொய் சொல்லத் தொடங்கினேன். கூரைத் தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் என் குரலே எனக்குக் கேட்காது. அவர் காதருகே குனிந்து, கத்திச் சொல்வேன்.

“வெளியில நல்ல வெயில்ப்பா.”

தகரத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பார். பிறகு என் முகத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டு வாயைத் திறப்பார்.