அப்பா முட்டை இட்ட செவ்வாய்க்கிழமை

போன செவ்வாய்க்கிழமை வவுனியாவில் ஒரு அப்பா முட்டை இட்டார். சிரிக்காதீர்கள். பக்கத்தில் நின்று காதால் கேட்டவள் நான்!

நான் சிங்களப் பாடசாலை ஒன்றில் தமிழ் படிப்பிக்கும் டீச்சர் என்பது உங்களுக்குத் தெரியும்தானே? சமாதானம் வந்து, பாதை திறந்து, 'எங்கள் பிள்ளைகளும் தமிழ் படிக்கட்டும்' என்று பெற்றோரே கேட்டுத் தொடங்கிய வகுப்பு அது. அதற்கும் வந்தது சோதனை. "செவ்வாய்க்கிழமை வந்து பாப்பன். பிள்ளையள் தமிழ் கதைக்காட்டி வகுப்பை மூடத்தான் வேணும் டீச்சர்" என்றார் கல்விக் கந்தோர் அதிகாரி. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்ன செய்வது? எல்லா டீச்சர்மாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பாடப் புத்தகத்துக் கேள்விகளை வரிசையாகப் பிரித்துக் கொடுத்தேன். முதல் கதிரைக்கு முதல் கேள்வி, இரண்டாம் கதிரைக்கு இரண்டாம் கேள்வி... ஆளுக்கொரு பதில் பாடமாக்கியாச்சு! அதிகாரி முன்னால் சிங்களத்தில் வாய் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டியும் வைத்தேன்.

இதற்கிடையில் இன்னொரு தலையிடி. எங்களுக்கும் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைக்கும் நடுவே பதிவான, இடுப்பளவு உயர மதில் ஒன்று. இடைவேளை மணி அடித்தால் போதும், எங்கள் பொடியன்கள் அதைத் தாண்டிக் குதித்து அங்கே கிரிக்கெட் அடிப்பார்கள். அவுட்டா இல்லையா என்று சண்டை வேறு. மதிலை உயர்த்துவோம் என்றார் எங்கள் பாடசாலை அதிபர். நானும் தலையாட்டினேன். மதிலோரம் கல்லும் கொண்டுவந்து பறித்துக் குவித்தாயிற்று.

செவ்வாய் வந்தது. முதல் கதிரைச் சதுனிக்குக் காய்ச்சல், வரவில்லை. முன் கதிரை வெறுமையாக இருந்தால் வடிவில்லை என்று அதிபர் எல்லோரையும் ஒவ்வொரு கதிரை முன்னே நகர்த்திவிட்டார்... நான் அதிகாரியை வரவேற்க வாசலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து!

அதிகாரி புத்தகத்தை விரித்து முதல் கதிரையைப் பார்த்தார்.

"உன் அப்பா என்ன செய்கிறார்?"

எழும்பினான் சமிந்த. இரண்டாம் கேள்விக்காரன்.

"தினமும் ஒரு முட்டை இடும்!"

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அடுத்தவனிடம் போனார்.

"உங்கள் வீட்டுக் கோழி என்ன செய்யும்?"

நிமேஷ பாடமாக்கியிருந்தது மூன்றாம் பதில் – 'என் மாமா அனுராதபுரத்தில் வேலை செய்கிறார்.' ஆனால் ஆள் சுழியன். கேள்வி விளங்கிவிட்டது.

"தினமும் ஒரு முட்டை இடும்."

பாய்ந்து எழும்பினான் சமிந்த.

"டேய் கள்ளா! அது என்ர கோழியடா! நீ உன்ர மாமாவைச் சொல்லு!"

"போடா விசரா! அப்பாவையே முட்டை போட வைச்சிட்டு உனக்கென்ன கதை?"

வகுப்பே இரண்டாகப் பிரிந்தது. கோழி யாருக்கு? கத்தினார்கள், கையை நீட்டினார்கள், நியாயம் பிளந்தார்கள் – எல்லாம் தமிழில். அச்சொட்டாக எங்கள் ஊர்த் தமிழ்!

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "டீச்சர், இது புத்தகத்தில எத்தினையாம் பாடம்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இது நான் படிப்பிச்சதில்லை சேர். மதிலுக்கு அங்கால விளையாடப் போய்ப் படிச்சதுகள்."

அவர் வெளியே வந்து மதிலைப் பார்த்தார். கல்லுக் குவியலையும் பார்த்தார்.

"வகுப்பு இருக்கட்டும் டீச்சர். மதிலை மட்டும் உயர்த்திப்போடாதேங்கோ."

எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

பறித்த கல் வீணாகிவிட்டதே என்று யாரும் கவலைப்பட வேண்டாம் – பொடியன்கள் இப்போது அதன்மேல் ஏறி நின்றுதான் அந்தப் பக்கம் குதிக்கிறார்கள்!