அத்தானுக்கு எந்தப் பசை?

பசை டப்பாவின் மூடியைத் திறந்து தங்கை முதலில் முகர்ந்து பார்க்கிறாள். பிறகு ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து, காதோரம் கொண்டுபோய், விரல்களை ஒட்டி ஒட்டிப் பிரிக்கிறாள். சத்தம் எப்படி வருகிறது என்று கேட்கிறாளாம். ஸ்டேஷனரி கடைக்காரர் கல்லாவில் இருந்தபடியே பெருமூச்சு விடுகிறார்.

“அது பசைம்மா, சென்ட் இல்ல.”

“கார நெடி அடிச்சா போட்டோ மஞ்சளாயிடும் அண்ணே. நீங்க வித்துட்டு நிம்மதியா உக்காந்திருப்பீங்க. திட்டு வாங்குறது நான்.”

பக்கத்தில் நிற்கும் அக்காவுக்குக் கொஞ்சம் வெட்கம், நிறையப் பெருமை. அக்கா தையல்காரி. பசையைக் காதால் சோதிக்கிற ஆள் தன்கூடப் பிறந்திருக்கிறாள் என்பதை அளவு கொடுக்க வருகிற எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. இஞ்ச் டேப்பை இடுப்பில் சுற்றிக்கொண்டு நிற்பவர்கள் எங்கே ஓடுவது, கேட்டுத்தான் ஆகவேண்டும்.

தங்கைக்குப் பகலில் பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. மாலையில், அக்கா வீட்டு மாடி அறையில், ஆல்பம் வேலை. போட்டோக்களை மட்டும் அடுக்குகிற ஆல்பம் இல்லை. பஸ் டிக்கெட், சட்டைப் பொத்தான், குழந்தை முதன்முதலில் கிறுக்கிய தாள் என்று எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் பக்கம் பக்கமாக ஒட்டி, ஓரத்தில் இரண்டு வரி எழுதித் தருவாள். மெல்லிய தாளுக்குக் குச்சிப் பசை; ஈரப் பசை போட்டால் தாள் அலை அலையாகச் சுருங்கும். பொத்தானுக்கு வெள்ளைப் பசை. போட்டோவுக்கு இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப். சாதாரண செலோடேப்பை யாராவது நீட்டினால் சொத்தைப் பல்லைப் பார்க்கிற மாதிரி பார்ப்பாள். ஒட்டும்போது யாரும் பக்கத்தில் நின்று தொணதொணக்கக் கூடாது.

“அங்க வாயத் திறங்கன்னு சொல்றேன், இங்க வாய மூடுங்கன்னு சொல்றேன். ரெண்டு இடத்துலயும் ஒருத்தரும் கேக்குறதில்ல.”

இதெல்லாம் வெளியே தெரிந்த கணக்கு. வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு. பொருளுக்கு ஒரு பசை என்பதுபோல ஆளுக்கும் ஒரு பசை. நிலைத்து நிற்பார்கள் என்று மனதுக்குப் பட்டவர்களை டேப் போட்டு ஒட்டுவாள். சந்தேகம் இருந்தால் மூலைதான். மூலை என்பது தாளில் செய்த சின்ன முக்கோண உறை. போட்டோவின் நான்கு முனைகளையும் அதில் செருகிவிட்டால் நிற்கும். விரலால் தள்ளினால் கழன்று கையோடு வரும்.

ஒரு பையனின் ஆபீஸ் ஆல்பத்தில் எல்லோரையும் ஒட்டிவிட்டு மேனேஜரை மட்டும் மூலையில் செருகினாள். அடுத்த மாதமே மேனேஜர் வேறு கம்பெனிக்குத் தாவிவிட்டார். “எப்படிக்கா கண்டுபிடிச்சீங்க?” என்று பையன் ஓடிவந்தான்.

“நான் எங்க கண்டுபிடிச்சேன்? எல்லாரும் கேமராவப் பாக்குறாங்க, அவரு மட்டும் கதவப் பாக்குறாரு.”

வீட்டு ஆல்பத்தில் மூலையில் இருப்பவர் ஒருவர்தான், அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். சில வருஷங்களுக்கு முன் அக்கா தன்னைக் கேட்காமல் இரண்டாவது தையல் மெஷின் வாங்கிவிட்டாள் என்று கோபித்துக்கொண்டு தன் தமக்கை வீட்டுக்குப் போனவர், ஒரு மழைக்காலம் முழுக்க அங்கேயே இருந்தார். அந்த இடைவெளியில் தங்கை, பல் இடுக்கில் விட்டு இழுக்கிற நூலை அத்தான் போட்டோக்களின் முதுகில் விட்டு, டேப்பை அறுத்து, ஒரு கீறல் இல்லாமல் அத்தனையையும் கழற்றிக் கவரில் போட்டுவிட்டாள். அவர் திரும்பி வந்தார். அக்கா சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைத்தாள். போட்டோக்களும் ஆல்பத்துக்குத் திரும்பின, மூலைகளில். யார் வந்து ஆல்பத்தைத் தூக்கினாலும் அத்தான்தான் முதலில் மடியில் விழுவார்.

இப்போது அக்காவின் மகள் வெளியூரில் படிக்கக் கிளம்புகிறாள். ஹாஸ்டலுக்கு எடுத்துப்போகச் சித்தியிடம் ஓர் ஆல்பம் கேட்டிருந்தாள். கடைசிப் பக்கத்தில் அம்மா போட்டோ ஒன்று, அதன் பக்கத்தில் அப்பா போட்டோ ஒன்று. அத்தானுக்குச் சோறு இறங்கவில்லை.

“அங்க நாலு பேருக்குக் காட்டுவா. அப்பன் மட்டும் கழண்டு கீழ விழுந்தா புள்ளைக்கு எப்படி இருக்கும்?” என்று அக்காவிடம் முறையிட்டார். கொழுந்தியாளிடம் நேரே கேட்கத் தைரியமில்லை. மறுநாள், லிஃப்டின் தரையில் ரப்பர் விரிப்பு ஒட்டுகிற பசையில் ஒரு டப்பா கொண்டுவந்து அவள் முன் வைத்தார்.

“எத்தனை பேர் ஏறி மிதிச்சாலும் அசையாது.”

முகர்ந்ததும் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “இதப் போட்டா நீங்க நிப்பீங்க அத்தான், போட்டோ நிக்காது. ஒரே வருஷத்துல மூஞ்சி மஞ்சளாயிடும்.”

“இப்ப மட்டும் என்ன பளபளன்னா இருக்கு?” என்றாள் அக்கா.

ஆல்பம் முடிகிற அன்று மாலை எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். அத்தான் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்திருந்தார். பக்கம் புரளவே இல்லை. தங்கை அக்காவின் போட்டோவை ஒட்டி முடித்தாள். அத்தான் முறை வந்ததும் மூலைப் பாக்கெட்டை எடுத்தாள்.

“ஏண்டி, வருஷக்கணக்கா இங்கதான இருக்காரு. இன்னும் என்னடி உனக்கு?”

“இருக்காரு, யாரு இல்லன்னா? அன்னைக்குத் தூக்கிட்டுப் போனாரே பை, அது கட்டிலுக்கு அடியில ரெண்டு சட்டையோட இன்னும் ரெடியா இருக்கு. பெருக்கும்போதெல்லாம் வெளக்கமாறுல இடிக்குது.”

அக்கா கணவரைப் பார்த்தாள். அந்தப் பை அவளுக்கும் தெரியும். ஒரு நாளும் கேட்டதில்லை.

அத்தான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனார். கட்டிலுக்கு அடியில் ஏதோ இழுபடுகிற சத்தம், பிறகு பீரோ திறக்கிற சத்தம். பையோடு வந்தார். காலிப் பை. வாசலில் தூசி தட்டி மகளிடம் நீட்டினார்.

“ஜிப்பு நல்லா இருக்கு. ஹாஸ்டலுக்கு நீ எடுத்துட்டுப் போ. எனக்கு எதுக்கு இது.”

தங்கை மூலைப் பாக்கெட்டை டிராயரில் போட்டாள். டேப்பை எடுத்தாள், யோசித்து அதையும் உள்ளே போட்டாள். டேப்பை நூல் அறுத்துவிடும். வெள்ளைப் பசை காய்ந்துவிட்டால் நூல் நுழைய வழியில்லை. அத்தானின் முதுகில் கொஞ்சம் ஊற்றி, பழைய ஏடிஎம் கார்டால் ஓரம்வரை மெல்லிசாக இழுத்து, பக்கத்தில் வைத்தாள். அக்காவுக்கும் அவருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தது. ஈரம் காய்வதற்குள் சுண்டுவிரலால் தள்ளித் தள்ளி, தோளும் தோளும் இடிக்கிற வரை நகர்த்தினாள்.

“மேல ஏதாவது கனமா வைக்கணும். இல்லன்னா சுருங்கிடும்.”

அத்தான் தன் டூல்ஸ் பெட்டியை எடுக்க ஓடினார். மூச்சு வாங்க அதைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள், தங்கை ஆல்பத்தை மூடி நாற்காலியில் போட்டு, அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர் மடித்து வைத்த பேப்பரை விரித்துக்கொண்டிருந்தாள்.