சுந்தரம்மாள் கட்டிய வயர்

புகை கண்ணில் படுவதற்கு முன்பே சுந்தரம்மாளின் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. மதுரை சிம்மக்கல்லில் ஒரு மோட்டார் கடையில் எட்டு வருஷமாகச் செம்புக் கம்பியால் காயில் சுற்றுகிறவள் அவள். எரிந்துபோன மோட்டாரைப் பிரிக்கும்போது வருகிற காந்தல் வாடை அவளுக்குத் தினசரிப் பழக்கம்.

"மாமா, வண்டிய நிப்பாட்டுங்க. வயர் கருகுது."

"ஓடுற வண்டியில என்னத்தடி கருகப்போகுது?" என்று அவள் கணவன் அழகுமலை திரும்புவதற்குள், டாஷ்போர்டின் அடியிலிருந்து அவன் முழங்காலைத் தடவிக்கொண்டு புகை கிளம்பியது. ஜீப்பில் இருந்த ஏழு பேரும் சாலையில் குதித்தார்கள். அழகுமலை பானெட்டைத் தூக்கி, பேட்டரி வயரை வெறுங்கையால் பிடுங்கினான். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

அழகர்கோவில் சாலையோரம் வண்டி நின்றுபோனது. பின்னால் இருந்த மல்லிகை மூட்டைகளை டவுன் பஸ்ஸில் ஏற்றிப் பூ மார்க்கெட்டில் சேர்ப்பதற்குள் வெயில் ஏறி, மொட்டெல்லாம் வாய் திறந்துவிட்டது. விரிந்த பூவை யார் சீண்டுவார்கள்? வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வந்தார்கள். எண்பத்திரண்டாம் வருஷம், புரட்டாசி மாசம் அது.

அவர்கள் ஊர் ஆலங்கரைப்பட்டி, அழகர்மலைக்குக் கீழே இருக்கிறது. பஸ் போகிற சாலைக்கு வர மூன்று மைல். அதில் பாதி கண்மாய்க்கரை. மழை பெய்தால் மாட்டுவண்டிச் சக்கரம் அச்சு வரைக்கும் இறங்கிவிடும். முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஜீப் ஒன்றுதான் அந்தச் சேற்றில் ஏறி வரும். ஒரு தலைமுறைக்கு முன்பு அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக் கூலி வாங்கிய குடும்பங்கள் இப்போது சொந்தமாக மல்லிகை போட்டிருந்தன. பூ பத்து மணிக்குள் மார்க்கெட்டுக்குப் போனால்தான் அந்தக் கொல்லைகளுக்கு அர்த்தம். அழகுமலை பன்னிரண்டு வருஷம் கல்குவாரி காண்ட்ராக்டர் ஒருவரிடம் ஓட்டிய வண்டிதான் அது. அவர் கழித்துக் கட்டியபோது, இரண்டு பசுக்களை விற்று வாங்கிக்கொண்டான். எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவான். வயர் என்றால் மட்டும் பத்தடி தள்ளி நிற்பான்.

டவுனிலிருந்து பேயாண்டி என்ற எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தான். பேயாண்டி கருகிய இடத்தை வெட்டி எறிந்தான். பேட்டரியிலிருந்து ஹெட்லைட்டுக்கு நேராக ஒரு வயரை இழுத்து, முறுக்கி, டேப் சுற்றினான். "இனிமே பத்து வருஷத்துக்குக் கவலையில்லண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஒன்பதாவது நாள். நல்ல மழை, பொழுது சாயும் நேரம். மார்க்கெட்டிலிருந்து திரும்பிக் கண்மாய்க்கரை மேல் வந்துகொண்டிருந்தபோது ஹெட்லைட் இரண்டும் பொட்டென்று அணைந்தன. அழகுமலை பிரேக் போட்டான். ஈரமண்ணில் இடப்பக்கச் சக்கரம் கரையை விட்டு நழுவி, வண்டி வாய்க்காலுக்குள் சாய்ந்தது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பூ விற்கிற ஒச்சம்மாள் மட்டும் எழவில்லை. அவளுடைய இடது முழங்கை முறிந்திருந்தது.

மறுநாள் காலையில், மாடு கட்டி மேலே இழுத்து நிறுத்திய ஜீப்பில் ஏற ஒருவரும் வரவில்லை. மூட்டைகளைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று மைலும் நடந்தார்கள். அழகுமலை வண்டி மேல் ஏறி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"வித்துருவோம். இரும்பு வெலைக்குப் போனாலும் போகட்டும்" என்றான்.

"வண்டி நல்ல வண்டிதேன். வயருதேன் கோளாறு. நான் கட்டுறேன்" என்றாள் சுந்தரம்மாள்.

"நீ கட்டுறது மோட்டாரு. இது வண்டி."

"ரெண்டுலயும் ஓடுறது கரண்டுதேன மாமா? பதினஞ்சு நாள் குடுங்க. முடியலைன்னா நானே ஆளக் கூட்டியாந்து விக்கிறேன்."

கடையில் லீவு சொல்லிவிட்டு வந்தாள். முதல் நாள் எதையும் மாட்டவில்லை, எல்லாவற்றையும் பிடுங்கினாள். வெளியே வந்த வயர்க் குவியல் ஒரு வைக்கோல் கட்டு அளவுக்கு இருந்தது. எல்லாம் கறுப்பு. நாலு வயர் எங்குமே போய்ச் சேரவில்லை. என்றோ ஒரு ரேடியோவுக்கும் விசிறிக்கும் இழுத்து, அப்படியே விட்டுவிட்டார்கள். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் பாக்கெட்டின் ஜிகினாத் தாள் சுருட்டி வைத்திருந்தது. எஞ்சினுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவே உள்ள இரும்புத் தகட்டில் வயர் நுழைகிற ஓட்டைக்கு ரப்பர் கிடையாது. வண்டி குலுங்கக் குலுங்கத் தகட்டின் விளிம்பு வயரின் தோலை அறுத்திருந்தது. பேயாண்டி இழுத்த புது வயரிலும் அதே இடத்தில் செம்பு பல்லிளித்தது. விரலால் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அழகுமலையைக் கூப்பிட்டுக் காட்டினாள். அன்று சாயங்காலம் அவனே போய் மண்ணெண்ணெய் வாங்கிவந்து அந்தத் தகட்டைத் துடைத்து வைத்தான்.

பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒவ்வொரு வயரும் எங்கே கிளம்பி எங்கே முடிய வேண்டும் என்று வரைந்தாள். மொத்தம் பதினேழு. கிடைத்த வயர் எல்லாம் ஒரே நிறம் என்பதால், ஒவ்வொன்றின் இரண்டு நுனியிலும் கலர் நூல் சுற்றினாள். ஹெட்லைட்டுக்கு மஞ்சள், ஹாரனுக்குப் பச்சை, டெயில் லைட்டுக்குச் சிவப்பு. கடையில் மிச்சம் கிடந்த ஒற்றைக் கம்பி வயரை வளைவு நெளிவு இல்லாமல் இழுத்து, சேஸிஸ் சட்டத்தின் ஓரமாகப் படுக்கவைத்து, பருத்தி நாடா சுற்றி, மேலே வார்னிஷ் அடித்தாள். மோட்டார் காயிலுக்குச் செய்கிற அதே வேலை. சுவிட்சைப் போட்டதும் எல்லாம் எரிந்தது.

"சடை பின்னுன மாதிரியில்ல இருக்கு!" என்று அழகுமலை அடியில் குனிந்து பார்த்துச் சிரித்தான்.

மூன்று நாள் வெறும் வண்டியைக் கண்மாய்க்கரையில் ஓட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் டெயில் லைட் போனது. கொஞ்ச நேரத்தில் ஹாரனும் ஊமையானது.

சுந்தரம்மாள் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தாள். வயர் போய் முடிகிற இடத்தில், வார்னிஷுக்குள்ளேயே கம்பி ஒடிந்திருந்தது. பக்கத்தில் இருந்ததைப் பிடித்து லேசாக அசைத்தாள். அதுவும் ஒடிந்து கையோடு வந்தது. மல்லாந்தபடியே யோசித்தாள். மோட்டாருக்குள்ளே காயில் அசையக் கூடாது, அசைந்தால் செத்தது. அதற்காகத்தான் அந்த இறுக்கமும் வார்னிஷும். ஜீப்பில் அசையாமல் இருப்பது என்று ஒன்றுமே இல்லை. எஞ்சின் ஒரு பக்கம் ஆடும், பாடி ஒரு பக்கம் ஆடும். இரண்டுக்கும் நடுவில் விறைப்பாக நிற்கிற கம்பி எத்தனை நாள் தாங்கும்? அழகுக்காகப் பார்த்துப் பார்த்துக் கட்டிய கட்டுதான் கழுத்தை நெரித்திருக்கிறது.

வெளியே வந்து கத்தரியை எடுத்தாள்.

"ஒடஞ்ச ரெண்ட மட்டும் மாத்தேன்" என்றான் அழகுமலை.

"இன்னைக்கு ரெண்டு ஒடஞ்சிருக்கு. மிச்சம் நாளைக்கு ஒடியும். அன்னைக்கு யாரு கை போகும்?"

பதினேழையும் வெட்டி எறிந்தாள். கேட்ட பதினைந்து நாளில் பத்து நாள் முடிந்திருந்தது.

இந்த முறை மெல்லிய இழைகள் பல சேர்ந்த, வளைகிற வயரை வாங்கினாள். ஹெட்லைட்டுக்கு மட்டும் தடிமன் கூடியது. நுனிகளுக்கு ஈயம் வைத்து, முன்பு போலவே கலர் நூல் சுற்றினாள். ஒவ்வொரு இணைப்புக்கு முன்னாலும் ஒரு விரல் நீளம் தளர்வாக வளைத்துவிட்டாள், வண்டி எந்தப் பக்கம் ஆடினாலும் வயர் கூடவே போய் வரட்டும் என்று. ஓட்டைகளுக்கெல்லாம் சைக்கிள் டியூபை வெட்டி ரப்பர் கட்டினாள். கரண்ட் வண்டியின் இரும்பு வழியாகத் திரும்புவதற்கு எர்த் கொடுக்கிற இடங்களில் பெயிண்டைச் சுரண்டி இரும்பு பளபளக்கும் வரை தேய்த்தாள். ஆறு ஃபியூஸ் வைத்த பீங்கான் கட்டையை டாஷ்போர்டின் அடியில் கைக்கு எட்டுகிற மாதிரி திருகினாள். அப்புறம்தான் கூடுதல் சாமான்கள். பின்னால் ஏறுகிறவர்கள் படியைப் பார்க்க ஒரு சின்ன பல்பு. கரையின் விளிம்பு தெரிவதற்காக முன் கண்ணாடிக்கு மேலே ஒரு பெரிய விளக்கு. இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச், தனித்தனி ஃபியூஸ்.

அவள் வேலையாக இருந்தபோது ஒச்சம்மாள் வந்து நின்றாள். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கை கழுத்தில் தொங்கியது.

"ஏண்டி, இன்னொரு கையையும் ஒடிக்கிறதுக்கா இம்புட்டுப் பாடு?"

சுந்தரம்மாளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "வாங்கத்தே. உள்ள குனிஞ்சு பாருங்க. எது எங்க போகுதுன்னு கேளுங்க, சொல்றேன்."

ஒச்சம்மாள் உண்மையாகவே குனிந்தாள். மஞ்சள் நூல் எது, பச்சை நூல் எது, இந்தப் பீங்கான் என்னத்துக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில் நிமிர்ந்து, "எனக்கு ஒண்ணும் வெளங்கல. உனக்கு வெளங்குதுன்னு மட்டும் தெரியுது. மொதல்ல நீயும் உம் புருசனும் ஒரு மாசம் போய்ட்டு வாங்க. பெறகு பாப்போம்" என்றாள்.

ஒரு மாசம் பூ மூட்டைகள் மட்டும் ஜீப்பில் போயின. ஐப்பசி அடைமழையிலும் ஒரு விளக்கு கண் சிமிட்டவில்லை. கார்த்திகை பிறந்த அன்று ஒச்சம்மாள் யாரிடமும் எதுவும் சொல்லாமல் வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் ஏறினார்கள்.

அடுத்தது எப்.சி. வருஷா வருஷம் வண்டியை பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கியாக வேண்டும். இன்ஸ்பெக்டர் கல்யாணராமன் கறாரான மனுஷர். பிரேக், ஹாரன், லைட் எல்லாம் பார்த்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலே கையை நீட்டினார்.

"இந்த லைட் இங்கே இருக்கக் கூடாது. எதிர்ல வர்றவன் கண்ணு என்னத்துக்கு ஆகும்? எடுத்துட்டு அடுத்த வாரம் வாங்கோ."

அழகுமலை தலையாட்டிவிட்டான். சுந்தரம்மாள் முன்னால் வந்தாள். "சார், இன்னைக்கே கீழ எறக்கிக் காட்டட்டுமா?"

"இங்கே எலக்ட்ரீஷியன் யாரும் இல்லியேம்மா."

"நாந்தேன் சார் கட்டுனேன்."

அவர் அவளை ஒரு தடவை பார்த்தார். "இன்னும் அஞ்சு வண்டி பாக்கணும். அதுக்குள்ள முடிஞ்சா பாக்கறேன்."

சுந்தரம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். விளக்கின் திருகுகளைக் கழற்றினாள். அதை இறக்கி மாட்ட பம்பரில் ஓட்டை இல்லை. அழகுமலை ஓடிப்போய் ஒரு லாரிக்காரரிடம் கைத்துளைப்பான் இரவல் வாங்கிவந்து துளை போட்டான். வயரை முழுசாகப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை. இணைப்பைக் கழற்றி, வழியை மாற்றி, கிளிப் போட்டு இறக்கினாள். சுற்றி நின்ற டிரைவர்கள் முதலில் தமாஷ் பேசினார்கள். பிறகு பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஐந்தாவது வண்டி மைதானத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது அவள் சுவிட்சைப் போட்டாள்.

கல்யாணராமன் வந்து பம்பரைப் பார்த்தார். டாஷ்போர்டுக்குக் கீழே குனிந்து, நூல் சுற்றிய ஒரு வயரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். அது வரவில்லை. இன்னொன்றையும் இழுத்துப் பார்த்தார். எழுந்து கையெழுத்துப் போட்டார்.

"பம்பர்கிட்ட வச்ச ஜாயிண்ட்ல மழைத்தண்ணி தெறிக்கும். மூடி வைங்கோ" என்றார். சரியான பேச்சு. அவள் மைதானத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே ரப்பர் வைத்து அதை மூடினாள்.

அன்று பார்த்துக்கொண்டிருந்த சோணை என்ற டிரைவர் அடுத்த மாசமே தன் முதலாளியின் ஜீப்பைக் கொண்டுவந்தார். ஒன்று இரண்டானது; டிராக்டர்களும் வந்தன. எண்பத்தைந்தில் சுந்தரம்மாள் காயில் கடையை விட்டுவிட்டு, அழகர்கோவில் சாலையில் தகரக் கொட்டகை ஒன்று போட்டாள். மாசத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளிவண்டி எடுப்பதில்லை. சொந்த ஜீப்பின் ஒவ்வொரு திருகையும் முறுக்கிப் பார்க்கிற நாள் அது.

ஒருமுறை கே.கே. நகரிலிருந்து ஒருவர் ஜீப்போடு வந்தார். கல்யாண ஊர்வலத்துக்குச் சுற்றிலும் கலர் பல்பு வைக்க வேண்டுமாம், மறுநாள் காலைக்குள்.

சுந்தரம்மாள் பானெட்டைத் தூக்கி உள்ளே பார்த்தாள். "பழைய வயர் அம்புட்டும் பொடிஞ்சு போச்சு சார். அது மேல பல்பு மாட்டுனா பத்திக்கிரும். மாத்திக் கட்ட நாலு நாளாகும்."

"வேற எடத்துல ஒரு மணி நேரத்துல கட்டிக் குடுத்துருவாங்க."

"குடுப்பாங்க சார்."

அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். புழுதி அடங்கும் வரை அழகுமலை சாலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வந்த வேலைய வெரட்டி விடுறியே?"

"பொண்ணு மாப்ளய ஏத்திக்கிட்டுப் போற வண்டி மாமா" என்றாள் அவள். பாதியில் நின்ற டிராக்டர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "இந்த நுனியக் கொஞ்சம் புடிங்க. இழுத்துறாதீங்க, லூசா இருக்கட்டும்" என்றாள்.