முன்னோர் படையலில் ஒரு மிடறு

கூர்க்கின் ஆயுதத் திருநாளான கைல்போத் பண்டிகை நெருங்க நெருங்கப் பெள்ளியப்பா வீட்டில் தங்கவில்லை. ஊரே துப்பாக்கிகளைத் துடைத்துச் செங்காந்தள் பூச் சூட்டிக்கொண்டிருக்க, அவன் காப்பித் தோட்டத்துக்குள் புகுந்து வெட்ட வேண்டாத கிளைகளையெல்லாம் வெட்டித் தள்ளினான்.

வழக்கமாகப் படையல் வைப்பது அண்ணன். இந்த வருஷம் இடுப்பெலும்பு முறிந்து பெங்களூரில் படுத்துவிட்டான். முன்னோருக்கு இலை போட்டு, பன்றிக் கறியும் கடம்பிட்டு என்ற அரிசி உருண்டையும் வைத்து, பிராந்தி ஊற்றிக் கும்பிட்டு, அதில் முதல் மிடறு குடிக்க வேண்டிய பொறுப்பு இவன் தலையில் விழுந்தது. கூர்க்கில் சாமிக்கு முன்னாலும் பாட்டில் இருக்கும். குடியை விட்டவன் எங்கே போய் ஒளிவான்?

மைசூரில் குடியை விடச் சிகிச்சை முடித்து வந்த முதல் தடவை, ஒரு கல்யாண வீட்டில் இதே ஒரு மிடறுதான். பிரசாதம்தானே, குடியா என்ன என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டான். பிரசாதம் சீக்கிரமே காலைப் பல் துலக்கும் முன் தொடங்கியது. மழை ஓய்வதற்குள் ஜீப் வாய்க்காலில் கிடந்தது. உள்ளே இருந்த மனைவி போஜம்மாவின் மணிக்கட்டு முறிந்தது.

"இன்னொரு தடவை நடந்தா எங்கப்பா வீட்டுக்குப் போயிடுவேன். கூப்பிட வராதீங்க" என்றாள். அவள் அழாமல் சொன்னதுதான் அவனைப் பயமுறுத்தியது.

குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் கூட்டத்தில் இவன் கூடவே விட்டவன் டயர் கடை அந்தோணி. அவனுக்குப் போன் போட்டான்.

"வாசனை பட்டா ஆசை வரும்டா. வரட்டும், அதனால நீ கெட்டவன் இல்ல. அங்கேயே நின்னு வீரம் காட்டாத, வெளிய வந்துடு. அன்னைக்கு அந்தக் கல்யாணத்துக்கு யார்கிட்டயும் சொல்லாமப் போன பாரு, அதான் மாட்டின."

பண்டிகைக் காலையில் மனைவியிடம், "எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டான். பிராந்திக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் வெல்லக் காப்பி வைத்தாள். "அது பெரியவங்களுக்கு. இது உங்களுக்கு."

தூக்குவிளக்கின் கீழ் எல்லோரும் நின்றார்கள். மூடியைத் திருகியதுமே அவன் வாயில் எச்சில் ஊறியது. அவமானமாக இருந்தது. கை நடுங்கிப் பிராந்தி விரல்களில் வழிந்தது.

"என்ன மருமகனே, நடுக்கமா? ஒரு மிடறு போடு, நின்னுடும்!" என்றார் அம்மாவின் தம்பி உத்தய்யா. சிரிப்பு கிளம்பியது. அவன் காப்பியை எடுத்ததும் மாமாவின் முகம் மாறியது. "பால்குடிப் புள்ளையாடா நீ? பெரியவங்களுக்கு வெச்சதத் தொடலைன்னா குடும்பத்துக்கு ஆகுமா?"

அந்த வார்த்தை உறைத்தது. குடும்பத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால்? கை தானாகப் பிராந்திப் பக்கம் போனது. எதிரே போஜம்மா, சரியாகச் சேராத மணிக்கட்டில் அரிசித் தட்டைத் தாங்கிக்கொண்டு நின்றாள்.

"எனக்கு அது ஒரு மிடறோட நிக்காது மாமா. நிக்கும்னா உங்களுக்கு முந்திக் குடிச்சிருப்பேன். என் பங்கையும் நீங்களே குடிங்க."

காப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெளியேறினான். இரட்டைப் பங்கு என்றதும் மாமாவுக்கு ஆட்சேபம் இல்லை.

கொல்லைப்புறத்தில் நின்று அந்தோணிக்குப் போன் அடித்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. விரலில் வாசனை போகவில்லை. கை மூக்குவரை போயிற்று, பிறகு உதடுவரை. பதறிப்போய், கறிக்கு ஊற்றும் கறுப்புப் புளிச்சாற்றை எடுத்து எரிய எரியத் தேய்த்தான்.

பின்னாலேயே வந்த போஜம்மா அவன் கையை முகர்ந்தாள். முகம் இருண்டது. அவன் சத்தியம் செய்யவில்லை. செய்த சத்தியங்களின் லட்சணம் இருவருக்கும் தெரியும். வாயைத் திறந்து அவள் முகத்தருகே ஊதினான். வெல்லக் காப்பி.

அவள் அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள்.

"அடுத்து அறுவடைக்குப் புத்தரிப் பண்டிகை வருதே, அப்பவும் படையல் வைக்கணும். அதுக்குள்ள அண்ணன் எழுந்திரிச்சிடுவானா?" என்றான் அவன்.

"எழுந்திரிக்கலைன்னா இன்னொரு டம்ளர் காப்பி. இப்ப உள்ள போகாதீங்க. பாட்டில் இன்னும் காலியாகல."

அவன் போகவில்லை. மாமாவின் சிரிப்பு அடங்கும்வரை இருவரும் அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.